பந்து இல்லாத பக்கம்

பதினோராம் ஆண்டு ஓ.எல். பரீட்சை வரைதான் படித்தேன். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவன். கூடைப்பந்தை ஒரு நாளும் கையால் தொட்டதில்லை. அதைப் பற்றி எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தலவாக்கலையில் எனக்குப் பழக்கமான ஒரு சலூன்காரர் இருக்கிறார். அமெரிக்காவில் இரவு நடக்கும் தொழில்முறை ஆட்டங்கள் நமக்குக் காலையில் வரும். கடை திறந்ததும் டிவியில் அதைத்தான் போடுவார். விடுமுறை நாளில் நானும் போய் மூலை நாற்காலியில் உட்கார்ந்துவிடுவேன். அவர் பந்தைப் பார்ப்பார். நான் தடுக்கிறவர்களைப் பார்ப்பேன்.

ஒருவனைத் தாண்டி எதிராளி உள்ளே நுழைந்துவிட்டால், பக்கத்தில் நிற்பவன் தன் ஆளை விட்டுவிட்டு வந்து மறிப்பான். இப்போது அவன் விட்ட ஆள் தனியாக நிற்கிறான். பந்து அங்கே போகும் முன் மூன்றாமவன் அங்கே போயிருப்பான். அவன் விட்ட இடத்துக்கு இன்னொருவன்.

"பாருங்கண்ணே, பந்து இங்க இருக்கு, நெட்டையன் அங்க ஓடுறான். வீட்டு வழி மறந்துட்டான் போல!" என்று சலூன்காரர் சிரிப்பார்.

"அங்க ஒருத்தன் தனியா நிக்கிறான்ல."

"அவன்கிட்டதான் பந்தே இல்லியே!"

கூடையில் விழுந்த பந்தைத் திரும்பத் திரும்பக் காட்டுவார்கள். எறிய வழியில்லாமல் போன பந்தை யார் காட்டுவார்கள்?

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒற்றையறைக் காம்பராக்கள் ஒரே வரிசையாக ஒட்டி நிற்கும். போன மழையில் ஒரு பகல், எங்கள் லயத்தின் மேல் முனைக் காம்பராவில் பின்பக்க மண்மேடு சரிந்து சுவரைத் தள்ளியது. உள்ளே ஓர் அக்கா மாட்டிக்கொண்டார். எல்லாரும் மண்வெட்டியோடு ஓடினார்கள். நானும் ஓடினேன். கீழ் முனைக் காம்பராவில் இருக்கும், எனக்குத் தங்கச்சி முறையான பெண் என்னை முந்திக்கொண்டு போனாள். அவளுடைய மாமனார் பக்கவாதம் வந்து படுத்த படுக்கை. வீட்டில் வேறு ஆளில்லை. அந்தக் காம்பராவுக்குப் பின்னாலும் அதே மண்மேடுதான்.

நான் திரும்பிக் கீழே ஓடினேன்.

"எங்கண்ணே ஓடுறீங்க? மண்ணப் பாத்ததும் பயம் வந்துருச்சா?" என்று ஒருவன் கத்தினான். நான் அந்தப் பெரியவர் படுத்திருந்த காம்பராவுக்குள் நுழைந்தேன்.

சேற்றுத் தண்ணீர் கட்டில் கால்களைச் சுற்றி நின்றது. பெரியவரை முதுகில் போட்டுக்கொண்டு கோயிலுக்கு நடந்தேன்.

"மெதுவாடா, நான் என்ன கொழுந்து மூட்டையா?" என்று காதருகே குழறினார்.

அவரைக் கோயிலில் சாய்த்து உட்கார வைத்த பிறகுதான் அவள் ஓடி வந்தாள். "ஐயோ மாமா! மறந்தே போயிட்டேண்ணே!"

"நீ அங்க போயிட்ட, அதனால நான் இங்க வந்தேன். அழுவாத."

அந்த அக்காவைக் கால் காயத்தோடு வெளியே எடுத்துவிட்டார்கள். பெரியவரின் காம்பரா அன்று விழவில்லை. அதனால் நான் பயந்து ஓடினேன் என்பதே லயத்தில் பேச்சானது. தங்கச்சி ஒருத்திதான் இல்லை என்று சண்டை பிடித்தாள்.

மறுநாள் மழை விட்டது. எல்லாரோடும் சேர்ந்து மண் அள்ளினேன். மத்தியானம் இடிந்த காம்பராவுக்குத் தோட்டத்து லொறியில் கூரைத் தகரம் வந்தது.