மூணு, நாலு, அஞ்சு

விருத்தாசலத்தில் எங்கள் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்ட மூலைக் கயிறு கட்டிய அன்றைக்கே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கட்டிய மேஸ்திரி, பக்கத்து மனைக்காரருக்கு மச்சான். பக்கத்து மனைக்காரர் பீங்கான் பட்டறை வைத்திருக்கிறார்; சாமான் இறக்க அவருக்குச் சந்து வேண்டும். மச்சானுக்காக எங்கள் சுவரைக் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

"முப்பது வருஷமா வூடு கட்டுறவரு, சும்மா இரு" என்றார் என் கணவர். சும்மா இருக்க நான் என்ன கிள்ளுக்கீரையா? பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவள்.

எதிர்வீட்டு மாடியில் ஏறிக் கயிறுகளைப் போட்டோ எடுத்தேன். பள்ளி லேப்டாப்பில் வடிவியல் மென்பொருளைத் திறந்து, படத்தின் மேல் இரண்டு கோடு போட்டேன். சாய்வுகளைப் பெருக்கினால் மைனஸ் ஒன்று வர வேண்டும், வந்தால்தான் செங்குத்து. வந்ததோ மைனஸ் 0.8. கோணம் எண்பத்து நாலு டிகிரி. மாட்டினாயா என்று ஒரே குஷி எனக்கு.

மறுநாள் ஆட்களுக்கு முன்னாலேயே லேப்டாப்பை நீட்டிக் கேட்டேன். "ஆறு டிகிரி கோணலா இருக்குது மேஸ்திரி. யாருக்காகன்னு எனக்குத் தெரியும்."

அவர் திரையையே பார்த்தார். "எங்கேர்ந்து எடுத்தீங்க டீச்சர்?"

"எதிர்வூட்டு மாடியிலேர்ந்து."

"சாச்சு எடுத்தா சாஞ்சுதான் தெரியும்."

டேப்பின் நுனியை என் கையில் கொடுத்தார். மூலையிலிருந்து ஒரு கயிற்றில் மூன்றடி, மற்றதில் நாலடி குறித்தார். குறுக்கே பிடித்தால் ஐந்தடி, நூல் பிசகவில்லை.

"மூணு, நாலு, அஞ்சு. ஒங்க பாடத்துல இது வராதுங்களா?"

வருஷா வருஷம் கரும்பலகையில் நான் எழுதுவதுதான். முகம் எரிந்தது. மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை, பாழாய்ப்போன வாய்.

அவர் கயிறு கட்டியிருந்த முளைக்குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். "சந்தேகப்பட்ட எடத்துல நான் செங்கல் வைக்க மாட்டேன். வேற ஆளப் பாத்துக்கங்க." என் கணவர் இரண்டு தடவை போய்க் கெஞ்சியும் வரவில்லை.

வேப்பூரிலிருந்து வேறொரு மேஸ்திரி வந்தார். அவர் கயிறு கட்டிய அன்று, வெட்கத்தில் நான் மனைப்பக்கமே போகவில்லை.

வீடு எழும்பியது. சமையலறைத் தரையில் டைல்ஸ் பதித்தார்கள். கடைசி வரிசை ஒரு முனையில் உள்ளங்கை அகலம், மறுமுனையில் சுண்டுவிரல் அகலம்.

"மூலையே சரியில்லையே டீச்சர்" என்றார் டைல்ஸ் போட்டவர். "கயிறு கட்டும்போது ஒருத்தரும் பாக்கலீங்களா?"

"பாக்கல" என்றேன்.