மேல் வலது மூலை

காலி வீடுகளைப் படம் எடுப்பது அவள் தொழில். வாடகைக்கோ விலைக்கோ வருகிற வீட்டுக்குத் தரகர் சாவிக்கொத்தோடு முன்னால் போவார். அவள் கேமராவும் முக்காலியுமாகப் பின்னால் போவாள். தரகரின் அலுவலகத்தில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தவள்தான். ஒருநாள் படம் எடுக்கிற ஆள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, "நீ போய் எதையாவது கிளிக் பண்ணிட்டு வாம்மா" என்று தரகர் தன் மச்சானின் கேமராவைக் கையில் திணித்து அனுப்பினார். அதன் பிறகு அவள் தட்டச்சுப் பக்கம் திரும்பவே இல்லை.

சுவர் சாயக் கூடாது, கதவு நிலை கோணக் கூடாது, பத்தடி அறையாக இருந்தாலும் பார்க்கிறவனுக்கு மூச்சுமுட்டக் கூடாது. இதெல்லாம் அவளுக்குக் கைவந்திருந்தது. "இந்தம்மா எடுத்தா புறாக்கூண்டுகூட பங்களா ஆயிடும்" என்று தரகர் வாடிக்கையாளர்கள் எதிரிலேயே சொல்லிவிட்டு, சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொள்வார்.

அந்தக் கறையை அவள் முதலில் பார்த்தது மூன்றாம் மாடி வீடு ஒன்றில். கூடத்தை எடுக்க முக்காலியை நிறுத்தி, வியூஃபைண்டரில் கண்ணை வைத்தாள். கூரையின் மேல் வலது மூலையில் சாம்பல் நிறத்தில் ஏதோ படர்ந்திருந்தது.

"அண்ணா, மேல ஓதம் இறங்கியிருக்கு பாருங்க. வீட்டுக்காரர்கிட்ட சொல்லலையா?"

தரகர் அண்ணாந்து பார்த்தார். "எங்கம்மா? போன வாரம்தான் வெள்ளையடிச்சாங்க."

அவளும் நிமிர்ந்து பார்த்தாள். கூரை பால்போல் இருந்தது. மறுபடி கண்ணை வைத்தாள். கறை அங்கேயே இருந்தது.

அடுத்த வீட்டிலும் அதே மூலை. அதற்கடுத்த வீட்டிலும் அதே மூலை. எடுத்த படங்களைப் பார்த்தால் எதிலும் கறை இல்லை. படத்தில் விழாதது லென்ஸின் கோளாறாக இருக்க முடியாது, வியூஃபைண்டருக்கு உள்ளேதான் ஏதோ கெட்டிருக்கிறது என்று அவள் முடிவுகட்டினாள். கேமராவும் கொஞ்சநஞ்சப் பழசா? ரப்பர் உரிந்து, மூடி ஆடி, இரண்டு முறை படியில் உருண்டு எழுந்தது. உள்ளே இருக்கிற பிரிசக் கண்ணாடியில் பூஞ்சை பிடித்திருக்கும்.

"அதுக்கு என்ன வைத்தியம் பாக்கப் போற? வேற வாங்கு" என்றான் கணவன். அவன் லிஃப்ட் மெக்கானிக். பழசைக் கட்டி இழுப்பதில் அவனுக்கு எப்போதும் நம்பிக்கை கிடையாது. அந்தச் சமயம் அவன் நாற்காலிமேல் ஏறிப் படுக்கையறை விளக்கின் ஹோல்டரை இரண்டாவது தடவையாக மாற்றிக்கொண்டிருந்தான். விளக்கை அணைத்த பிறகும் ஓரத்தில் பளிச் பளிச்சென்று மின்னுகிறது என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்ததால் வந்த வேலை.

இப்போது வருகிற புதுக் கேமராக்கள் அவளுக்கு ஒத்துவரவில்லை. அவளிடம் இருந்த அகல லென்ஸ் அவற்றில் பொருந்தாது. அதனால் பேருந்து நிலையத்துக்குப் பின்சந்தில் இருந்த பழைய கேமராக் கடைக்குப் போனாள். கடைக்காரரை எல்லோரும் ஷட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். தொழிலால் வந்த பெயர் இல்லை. வெயில் ஆகாது என்று கடையின் ஷட்டர் கதவை எப்போதும் பாதி இறக்கியே வைத்திருப்பார். குனிந்துதான் உள்ளே போக வேண்டும்.

"உங்க லென்ஸுக்குப் பொருந்துற மாதிரி ரெண்டு இருக்குக்கா" என்று இரண்டு கேமராக்களை எடுத்து மேசைமேல் வைத்தார். "இது மூத்தது, இது இளையது. ரெண்டுமே நல்ல குடும்பம்."

மூத்தது கறுத்த, கனத்த உடம்பு. உலோகச் சட்டம். கையில் எடுத்ததும் உள்ளங்கைக்குள் வந்து உட்கார்ந்தது. ஷட்டரை அழுத்தினால் நல்ல பெட்டியின் தாழ்ப்பாள் விழுகிற சத்தம். இளையது நாலைந்து வருடம் பிந்தியது, பிளாஸ்டிக், பொம்மைபோல லேசு. மங்கலான இடத்தில் மூத்ததைவிட நன்றாக எடுக்கும். பின்னால் இருந்த திரை ஜன்னல் கதவுபோல வெளியே திறந்து திரும்பும். ஆனால் வியூஃபைண்டர் சிறிது. அதில் பார்ப்பது சாவித்துவாரத்தில் எட்டிப்பார்ப்பது போல இருந்தது.

அவளுக்கு மனம் மூத்ததின் பக்கம்தான் போயிற்று. கண்ணை வைத்தாள். பளிங்குபோலப் பெரிய, வெளிச்சமான செவ்வகம். அதன் மேல் வலது மூலையில் சாம்பல் நிறம்.

"இதுலயும் பூஞ்சை இருக்குங்க."

"என்னக்கா சொல்றீங்க?" ஷட்டர் வாங்கிப் பார்த்தார். "சுத்தமா இருக்கே!"

இளையதை எடுத்தாள். அதிலும் அதே இடம்.

"ரெண்டுலயும் இருக்கு. உங்க கடை ஈரமோ என்னவோ."

ஷட்டருக்கு முகம் சுருங்கிவிட்டது. வேறு லென்ஸ் மாட்டிக் காட்டினார், கண் வைக்கிற ரப்பரைக் கழற்றித் துடைத்தார். உள்ளே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த மனைவியைக் கூப்பிட்டு, "நீ பாரு, ஏதாவது தெரியுதா?" என்றார். அந்தம்மா இரண்டிலும் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"விலையைக் குறைக்கணும்னா நேராக் கேளுங்கக்கா. இல்லாத நொட்டை எதுக்கு?" என்றார் ஷட்டர்.

"சத்தியமா தெரியுதுங்க. நான் எதுக்குப் பொய் சொல்லப் போறேன்?"

பல வருடப் பழக்கம். ஷட்டருக்கு வாடிக்கையை இழக்க மனமில்லை. "ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க. ஒரு வாரம் வேலை செஞ்சு பாருங்க. அப்புறம் வந்து சொல்லுங்க" என்று பையில் போட்டுக் கொடுத்தார்.

அந்த வாரம் அவள் ஒவ்வொரு வீட்டையும் இரண்டு கேமராவிலும் எடுத்தாள். மூத்ததில் மரத்தின் நிறம் அப்படியே வந்தது, ஆனால் இருட்டுக் குளியலறையில் புள்ளி புள்ளியாகத் தூவியது. இளையது இருட்டைச் சமாளித்தது, ஆனால் வெள்ளைச் சுவரைக் கொஞ்சம் நீலமாக்கியது. இதையெல்லாம் கணவனிடம் சாப்பிடும்போது விலாவாரியாகச் சொன்னாள். சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. கறை வளர்ந்துகொண்டிருந்தது. மூலையில் கையகலமாக இருந்தது மேல் ஓரம் முழுவதும் பரவியிருந்தது. இரண்டிலும் ஒரே அளவாக. கடையின் ஈரம் இரண்டுக்குள்ளும் ஒன்றுபோலப் பரவுமா என்று ஒரு கேள்வி எழுந்தது. அதை அவள் மேற்கொண்டு கேட்டுக்கொள்ளவில்லை.

வார முடிவில் ஒரு மாடி வீடு. அகலமில்லாத, உயரமான படிக்கட்டு. கேமராவைக் கிடையாக வைத்தால் படிக்கட்டு அடங்காது. தரகர் கீழே யாருடனோ போனில் கத்திக்கொண்டிருந்தார். அவள் மூத்ததைக் கையில் எடுத்து, நெட்டாகத் திருப்பிக் கண்ணை வைத்தாள்.

வியூஃபைண்டருக்குள் கறை இருந்தால் கேமரா திரும்பும்போது அதுவும் கூடவே திரும்ப வேண்டும். பக்கம் மாற வேண்டும். இது மாறவில்லை. கேமராவை இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள். கறை இருந்த இடத்திலேயே, மேல் ஓரத்தில், நின்றது.

கேமராவை மெல்ல இறக்கினாள். இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு வலது கண்ணால் படிக்கட்டைப் பார்த்தாள். மேல்படிகள் இல்லை. அந்த இடத்தில் நனைந்த துணி தொங்குவதுபோல ஒரு சாம்பல் நிழல். தலையை அசைத்தால் அதன் விளிம்பும் லேசாக அசைந்தது. கையை எடுத்தாள். படிகள் எல்லாம் திரும்பி வந்தன.

"முடிஞ்சுதாம்மா?" என்று கீழேயிருந்து தரகரின் குரல்.

"இதோ, ஆச்சுண்ணா."

மீதி அறைகளையும் எடுத்து முடித்தாள். வீட்டுக்கு வந்தாள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

அடுத்த இரண்டு நாளும் அவள் செய்தது, இப்போது நினைத்தாலும் அவளுக்கே விளங்காத காரியம். இரண்டு கேமராவையும் சாப்பாட்டு மேசைமேல் வைத்துக்கொண்டு மூத்ததா இளையதா என்று பார்த்தாள். ஒரே ஜன்னலை, ஒரே நாற்காலியை இரண்டிலும் மாற்றி மாற்றி எடுத்தாள். பேட்டரி எது அதிகம் நிற்கிறது என்று சோதித்தாள். எந்தக் கேமரா என்று முடிவாகாதவரை வேறு எதைப் பற்றியும் முடிவெடுக்க வேண்டியதில்லை என்று நினைத்தாளோ என்னவோ. நடுநடுவே எழுந்துபோய், இடது கண்ணைப் பொத்திக்கொண்டு சுவருக்கு எதிரே நிற்பாள். ஒவ்வொரு தடவையும் சுவர் கொஞ்சம் குட்டையாக இருந்தது.

அப்படி நின்றபோதுதான் கணவன் வந்து பார்த்துவிட்டான்.

"என்ன பண்ற? கண்ணுல தூசியா?"

அவள் கையை எடுக்கவில்லை. "ஏங்க, இந்தக் கண்ணுல மேல் பாதி தெரியலைங்க."

அவன் பையைக் கீழே வைக்க மறந்து நின்றான். "எப்பலேருந்து?"

"தெரியல. கேமராவுலதான் கோளாறுன்னு நெனைச்சேன். முந்தாநாள்தான் தெரிஞ்சுது."

"முந்தாநாளா? தெரிஞ்சும் சும்மா இருந்தியா?" என்றான் அவன். "கயிறுல ஒரு இழை விட்டுருந்தாலே நான் லிஃப்டை நிறுத்திப் பூட்டிருவேனே... நீ ரெண்டு நாளா ஜன்னலைப் படம் எடுத்துக்கிட்டிருந்தியா?"

கோபத்தில்தான் பேசினான். ஆனால் அவளுக்குச் செருப்பை எடுத்துப் போட்டவனும் அவன்தான்.

கண் மருத்துவமனையில் சொட்டு மருந்து விட்டு இருட்டறையில் உட்காரவைத்தார்கள். டாக்டர் இளவயதுப் பெண். கூசுகிற வெளிச்சத்தைக் கண்ணுக்குள் அடித்து, மேலே பார், கீழே பார் என்று வெகுநேரம் பார்த்தாள்.

"கொஞ்ச நாளா ஓரத்துல மின்னல் மாதிரி வந்துச்சாம்மா? இருட்டுல?"

அவள் பதில் சொல்வதற்குள், "ஹோல்டரை மாத்தினேன் டாக்டர்" என்றான் கணவன். சொன்ன பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

"விழித்திரை கீழ்ப்பக்கமா கிழிஞ்சு, பிரிஞ்சு வந்திருக்கு. கீழ பிரிஞ்சா மேல நிழல் தெரியும். நடுப்பகுதி இப்பத்தான் பிரிய ஆரம்பிச்சிருக்கு. ரெண்டு கண்ணும் திறந்திருந்தா இன்னொரு கண்ணு ஈடுகட்டிரும், அதான் உங்களுக்குத் தெரியல. இனி தள்ளிப்போட முடியாது. நாளைக்குக் காலையில ஆபரேஷன்."

"முந்தாநாளே வந்திருந்தா?" என்று கேட்டாள் அவள்.

"இப்பவாவது வந்தீங்களே" என்றாள் டாக்டர்.

அறுவை நடந்தது. பிரிந்த திரையை அழுத்திப் பிடிக்கக் கண்ணுக்குள் வாயுக் குமிழ் ஒன்றை வைத்து, பல நாள் குப்புறவே கிடக்கச் சொன்னார்கள். தலையணைக்கும் கட்டில் விளிம்புக்கும் நடுவே முகத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு, தரையின் ஒரே சதுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணவன் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு அவளுக்குக் கீழிருந்து பேசுவான்.

"உள்ள என்ன தெரியுது?"

"கோடு மாதிரி ஒண்ணு ஆடுதுங்க. தண்ணி தளும்புற மாதிரி."

"ரசமட்டம்தான். உன் கண்ணுக்குள்ளயே வச்சுட்டாங்க. இனிமே முக்காலியை நிறுத்த உனக்கு வேற மட்டம் வேண்டாம்."

அவள் சிரித்தாள். சிரித்தால் குமிழ் ஆடியது. பயந்துபோய் நிறுத்திக்கொண்டாள்.

குமிழ் கரைந்து பார்வை வந்தது. ஆனால் பழைய பார்வை வரவில்லை. வலது கண்ணால் பார்த்தால் கதவு நிலை நடுவில் நெளிந்து தெரிந்தது. நேரான சுவரே அவளுக்கு இனி நேராக நிற்காது. இன்னொரு இடியும் காத்திருந்தது. இடது கண்ணிலும் ஓரிடத்தில் விழித்திரை மெலிந்திருக்கிறது என்று சுற்றி லேசர் வைத்தார்கள். "தினம் காலையில ஒவ்வொரு கண்ணா மூடிப் பாருங்க. நிழல், மின்னல், கறுப்புப் பொட்டு, எது தெரிஞ்சாலும் அன்னிக்கே வரணும்" என்றாள் டாக்டர்.

சில மாதம் கழித்துக் கடைக்குப் போனாள். கேமராக்களைக் கணவன் முன்பே திருப்பிக் கொடுத்திருந்தான். விஷயம் தெரிந்திருந்ததால் ஷட்டர் கடைக்கதவை முழுவதும் மேலே ஏற்றிவிட்டு, அவளை உட்காரச் சொன்னார்.

"அன்னிக்கு ஏதேதோ பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்கக்கா."

"நான்தான் உங்க கடையை ஈரம்னேன். ரெண்டும் இருக்கா?"

"மூத்தது போயிடுச்சு. இளையது இருக்கு."

அவளுக்கு மனம் லேசாகத் துணுக்குற்றது. ஆனால் மூத்தது இருந்திருந்தாலும் இனி பயனில்லை என்பதும் தெரிந்தது. இளையதின் திரையைத் திறந்து, இரண்டு கண்ணாலும் பார்க்கிற தூரத்தில் வைத்துக்கொண்டாள். அதில் நேர்கோடுகள் கட்டம் கட்டமாக விழுந்தன. சுவர் நேராக இருக்கிறதா என்று இனி அந்தக் கட்டம்தான் அவளுக்குச் சொல்ல வேண்டும். எடுத்துக்கொள்கிறேன் என்றாள்.

வேலை மறுபடி ஓடத் தொடங்கியது. தரகர் படங்களில் வித்தியாசம் எதுவும் கண்டுபிடிக்கவில்லை, அல்லது கண்டுபிடித்தும் சொல்லவில்லை.

ஒரு காலை, இடது கண்ணால் சுவரைப் பார்த்தபோது பொடிப்பொடியாகக் கறுப்புப் பொட்டுகள் மிதந்தன. கணவனைக் கூப்பிட்டாள். வேலைக்குப் போட்ட சட்டையோடு அவன் அப்படியே கிளம்பினான். டாக்டர் மறுபடி அந்த வெளிச்சத்தை அடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"இப்போ ஒண்ணுமில்ல. கிழியல. வந்தது நல்லது. அடுத்த தடவையும் இப்படியே உடனே வந்துடுங்க."

திரும்பும்போது பேருந்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு நிறுத்தம் கடந்தது.

"அடுத்த தடவைன்னு சொன்னாங்கள்ல" என்றாள் அவள்.

"ஒரு பேச்சுக்குச் சொல்லியிருப்பாங்க."

"இல்லைங்க. பாத்துட்டுத்தான் சொன்னாங்க."

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். சொட்டு மருந்தால் அவளுக்கு வெளியே எல்லாம் வெளிச்சத்தில் கரைந்து தெரிந்தது. மருந்து இறங்க மதியம் ஆகும். அதற்குப் பிறகு எடுக்க வேண்டிய வீடு ஒன்று இருந்தது. தரகர் சாவியோடு வாசலில் காத்திருப்பார்.