நான் எடுத்துவைத்த கடைசிப் பக்கம்

ஒரு பெண் எழுதிய அறிக்கையின் கடைசிப் பக்கத்தை உருவி என் மேசை இழுப்பறையில் வைத்தவன் நான். அந்தப் பக்கம் இல்லாததால் அவர் பழி சுமந்தபோது வாய் திறக்காமல் இருந்தவனும் நானே.

தங்கவயலின் கனரக இயந்திரத் தொழிற்சாலையில் நான் பரிசோதனைப் பிரிவின் மேலாளர். அவர் எனக்குக் கீழே வேலை பார்த்தார்; எல்லாருக்கும் இன்ஸ்பெக்டரம்மா. மைசூர் மைன்ஸ் பகுதியில் பிறந்த சுரங்கத் தொழிலாளியின் மகள். கியர் பெட்டிகளின் அளவுகளைத் தாளில் எழுதிப் பிறகு கணினியில் ஏற்றிக்கொண்டிருந்த எங்களுக்குக் கைக்கணினி வாங்க மேலிடம் முடிவுசெய்தது. எல்லார் கையிலும் கைப்பேசி வராத காலம் அது.

சோதித்துப் பார்க்க இரண்டு கருவிகள் வந்தன. ஒன்றின் இயங்குதளம் எளியது. கறுப்பு வெள்ளைத் திரை, தொட்டவுடன் திறக்கும், இரண்டு சின்ன பேட்டரியில் வாரக்கணக்கில் ஓடும். மற்றது மேசைக் கணினியின் தம்பி போல. வண்ணத் திரை, அலுவலகக் கோப்புகளையும் திறக்கும். ஆனால் மதியத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடும். ஒன்றுக்காக எழுதிய நிரல் மற்றொன்றில் ஓடாது. அவர் இரண்டுக்கும் தனித்தனியாக நிரல் எழுதி, கோட்டுப் பைக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டு, ஒவ்வோர் அளவையும் இரண்டிலும் பதிந்தார்.

“இன்னா மேடம், ரெண்டு பக்கமும் வெயிட்டு, தராசு மாதிரி போறீங்க?” என்று ஒரு ஃபிட்டர் கேட்டார்.

“ஒரு பக்கம் என் கணக்கு, ஒரு பக்கம் உன் பொய்யி. எது தாழுதுன்னு பாக்கறேன்” என்றார் இவர். தொழிற்கூடமே சிரித்தது.

மேலிடத்துக்கு வண்ணத் திரைதான் பிடித்திருந்தது. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இவர் ஓர் எச்சரிக்கை எழுதியிருந்தார். சோதனைக்கு வந்த கருவிக்குள் இருக்கும் சில்லு (சிப்) வேறு, நாம் வாங்கப்போகும், விலைப்பட்டியலில் உள்ள மாடலின் சில்லு வேறு. இயங்குதளத்தின் பெயர் ஒன்றாக இருந்தாலும் நம் நிரல் அதில் ஓடும் என்று நம்பக்கூடாது. ஒன்றை வரவழைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றுக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும்.

அறிக்கையைத் தரும் முன்பே நேரிலும் வந்து சொல்லியிருந்தார். “ஷிஃப்டுக்கு முன்னாடி சுரங்கத்துல காலி லிஃப்டுக் கூண்டை ஒரு தடவ இறக்கி ஏத்திப் பாத்துட்டுதான் ஆளை ஏத்துவாங்கன்னு எங்கப்பா சொல்வாரு சார். இது மட்டும் இன்னா?”

தாமதமானால் என் பதவி உயர்வும் தள்ளிப்போகும் என்று கணக்குப் போட்டேன். பக்கத்தை உருவிவிட்டு மேலே அனுப்பினேன்.

கருவிகள் வந்தன. ஒன்றில்கூட நிரல் திறக்கவில்லை. விசாரணையில் இவர், “எழுதியிருந்தேன், நேர்லயும் சொன்னேன்” என்றார். கோப்பில் அந்தப் பக்கம் இல்லை. என்னைக் கேட்டார்கள். “எனக்கு நினைவில்லை” என்றேன். நான் உயர்ந்தேன், அவருக்கு வரவேண்டிய உயர்வு நின்றது. “பாக்காமலே பாஸ் போடற அம்மா” என்று பேர் வைத்தார்கள். அவரோ புதிய சில்லுக்கு ஏற்றபடி நிரலை முழுக்க மாற்றி எழுதி, ஒவ்வொரு கருவியாக ஓடவைத்தார். அந்தக் கருவிகள் பல ஆண்டு உழைத்தன. அவ்வளவு சுத்தமான வேலையை நான் வேறு எவரிடமும் பார்த்ததில்லை.

போன வருடம், என் மனைவி இறந்த பிறகு, அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு பங்காருபேட்டையில் அவர் வீட்டுக்குப் போனேன். நின்றபடியே படித்தார். மன்னிப்புக் கேட்டேன்.

“எங்கிட்ட சொல்லி இன்னா சார் ஆவப்போவுது? எனக்குத்தான் அன்னைக்கே தெரியுமே. தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க” என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

ஓய்வுபெற்றோர் மாதக் கூட்டத்தில் எழுந்து, நான் செய்ததைச் சொல்லி, பக்கத்தை வாசித்தேன். இரண்டு நண்பர்கள் அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அடுத்த மாதம், ஒருநாளும் கூட்டத்துக்கு வராத இன்ஸ்பெக்டரம்மா வந்தார். பழைய ஃபிட்டர் தன் நாற்காலியை அவருக்கு விட்டுக்கொடுத்தார். அவர் உட்காரவில்லை, நேராக என்னிடம் வந்தார்.

“நீங்க படிச்சத கேட்டவங்க சொன்னாங்க. கடைசி வரி மட்டும் அதுல இல்லயே சார்?”

உண்மைதான். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்ட அன்றும் அதை விழுங்கியிருந்தேன். தாள் சட்டைப்பையிலேயே இருந்தது. எழுந்து நின்று படித்தேன்: ‘இவை அனைத்தும் மேலாளரிடம் நேரிலும் சொல்லப்பட்டன.’

அதன் பிறகுதான் அவர் உட்கார்ந்தார்.