பல்லுக்காரரும் மேனேஜரும்

அவருக்குப் பட்டப்பெயர் பல்லுக்காரர். பல் டாக்டர் அல்ல. டாக்டர் எடுத்து அனுப்பும் ஈறின் அச்சை வைத்துப் பொய்ப்பல் செட் கட்டிக்கொடுப்பவர். வீட்டின் பின்னறைதான் பட்டறை. முதலில் இளஞ்சிவப்பு மெழுகில் ஈறைச் செதுக்கி, பல்லை ஒவ்வொன்றாக நட வேண்டும். அறுபது வயது வாய்க்கு அறுபது வயதுப் பல்: ஒன்று லேசாகத் தேய்ந்து, ஒன்று லேசாகத் திரும்பி. அப்போதுதான் பொய் வெளியே தெரியாது.

இருபது வயதிலிருந்து அவருக்கு பைபோலார் நோய். மனம் சில வாரம் நூல் அறுந்த பட்டமாய் மேலே ஏறும். சில மாதம் கிணற்றில் கல்லாய்க் கிடக்கும். மாத்திரை உண்டு. அதையும் மீறி ஏறுகிற நாட்களும் உண்டு. ஏறுவது அவருக்கே தெரியாது என்பதுதான் வினை. போன தடவை ஒன்பது நாள் தூங்காமல் வேலை பார்த்து, பத்தாம் நாள் தெருவில் நின்று போவோர் வருவோரையெல்லாம் வாயைத் திறக்கச் சொன்னார். ஆஸ்பத்திரியில் ஆறு வாரம். இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு ஆளைத்தான் பார்க்க வேண்டும் என்று அவருக்கு வேலை கொடுக்கும் பல் டாக்டரம்மா சங்கடத்தோடு சொல்லிவிட்டார்.

தினமும் ஒரே நேரத்தில் அவரைத் தேடுகிற ஓர் உயிர் வீட்டில் இருந்தால் நல்லது என்றார் மனநல டாக்டர். மாடியில் குடியிருக்கும் அக்கா, ஒரு சாம்பல் நிறப் பூனையைக் கூடையோடு கொண்டுவந்து இறக்கினாள்.

"உனக்குப் புண்ணியமாப் போகும், எடுத்துட்டுப் போக்கா. இதோட முடி மெழுகுல ஒட்டினா கடைவாய்ப்பல்லுக்கு மீசை முளைச்சிடும்."

"கதவைச் சாத்திக்கிட்டு வேலை பாருடா. உன்னை மேய்ச்சு நான் ஓய்ஞ்சுட்டேன். இனிமே இது மேய்க்கட்டும்."

சாயங்காலம் ஆறு மணிக்கு அது பட்டறைக் கதவைப் பிறாண்டும். அவர் விளக்கை அணைத்துவிட்டு வந்து தட்டில் தீனி வைக்க வேண்டும். அக்கா அதற்கு மேனேஜர் என்று பேர் வைத்தாள். கிணற்றில் கிடந்த மாதங்களில் அது போர்வையைப் பிறாண்டியது. தனக்கென்று ஒரு தம்ளர் தண்ணீர் எடுக்காதவர் அதற்காக எழுந்தார்.

ஒரு புதன்கிழமை. அவர் தூங்கி மூன்று நாள் ஆகியிருந்தது, களைப்பே இல்லை. கை பறந்தது. மேசையில் ஆறு செட். பிறந்ததிலிருந்து இவ்வளவு அழகாகக் கட்டியதில்லை என்று நெஞ்சு விம்மியது. ஆறு மணிக்குக் கதவில் பிறாண்டல்.

"மேனேஜர், இன்னைக்கு உனக்கு லீவு! போ!"

ஆறரைக்கும் நிற்கவில்லை. ஆறே முக்காலுக்கும் நிற்கவில்லை. விரட்டத்தான் மெழுகுக் கத்தியும் கையுமாகக் கதவைத் திறந்தார். அது ஓடவில்லை. அதுவரை மிதிக்காத அறைக்குள் நுழைந்து, அவருடைய இடது பாதத்தின் மேல் கனமாகப் படுத்துக்கொண்டது.

காலை எடுத்தால் அது உருளும். அப்படியே நின்றார். அதன் வயிறு வெதுவெதுப்பாக ஏறி ஏறி இறங்கியது. கைக்கு வேலையில்லாமல் போகவே, கண் மேசைக்குப் போனது.

ஆறு செட்டிலும் ஒரே பல். வெள்ளை வெளேரென்று, ஒரு துளி கோணலில்லாமல், இருபது வயதுப் பல். லாரி டிரைவருக்கும், எண்பது வயது வாத்தியாருக்கும், ஆறு பேருக்கும் ஒரே சிரிப்பு. அவர் மெழுகுக் கத்தியைக் கீழே வைத்தார்.

"அக்கா! கீழ வா. எனக்கு ஏறிடுச்சு."

அக்கா படியிலேயே நின்றுவிட்டாள். இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை.

"யாருடா சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல. இது பசிக்குதுன்னு வந்துச்சு. அவ்வளவுதான்க்கா. அவ்வளவுதான்!"

மனநல டாக்டர் போனிலேயே உடனே வரச் சொன்னார். புறப்படும் முன் பல் டாக்டரம்மாவுக்கும் பல்லுக்காரரே போன் போட்டார். "செட்டெல்லாம் திரும்பக் கட்டணும். பத்து நாள் வேணும்மா. எனக்கு ஏறியிருக்கு."

"நீங்களே சொல்றீங்களா?" என்றார் டாக்டரம்மா. "நோயாளிங்ககிட்ட நான் சொல்லிக்கறேன். வேலை உங்களோடதுதான், போய் உடம்பைப் பாருங்க."

அக்கா தீனித் தட்டைப் பட்டறைக்கே கொண்டுவந்தாள். மேனேஜர் பாதத்தை விட்டு இறங்காமலே கழுத்தை நீட்டித் தின்றது. அது தின்று முடிக்கும் வரை, பெரிய மலையைப் பார்ப்பவரைப் போல அதைப் பார்த்தபடி, அவர் அசையாமல் நின்றார்.