பாறைக் கிணற்றுத் தண்ணீர்

ஐம்பதுகளில், மத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் நடந்தது இது. எனக்கு அப்போது இருபது வயதிருக்கும். ரோட்டுக்கு ஜல்லி உடைக்க ஆந்திரப் பக்கமிருந்து வந்த ஒரு கணவனும் மனைவியும் பாறையோரம் குடிசை போட்டுத் தங்கிவிட்டார்கள். ஊர்க் கிணறுகளில் அவர்களுக்குத் தண்ணீர் கிடையாது. அவர்களே பாறையை உடைத்து ஆழமாக ஒரு கிணறு வெட்டிக்கொண்டார்கள். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும்.

அங்கே பிறந்த இரண்டு பிள்ளைகளுக்கும் வளர வளரக் கால் வளைந்தது. முட்டிகள் ஒட்டி, பாதங்கள் விலகி, பல்லெல்லாம் பழுப்பேறிவிட்டது. அந்தக் கணவன் கட்டியிருந்தது தன் அக்கா மகளை. எங்கள் வீடுகளிலும் அதுதான் வழக்கம். எனக்கே அக்கா மகளைத்தான் பேசி வைத்திருந்தார்கள். ஆனாலும், "அதுங்க வம்சமே கோணல்" என்று ஊரோடு சேர்ந்து நானும் சொன்னேன்.

மூன்றாவது பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோது, அம்மை குத்த ஒரு டாக்டர் வந்தார். கூட்டத்தில் நானும் நின்றிருந்தேன். அந்தப் பிள்ளைகளை நடக்கவிட்டுப் பார்த்தார். பெற்றவர்களையும் நடக்கச் சொன்னார். வேறு ஊரில் வளர்ந்த அந்த இருவருக்கும் கால் நேராக இருந்தது. எந்தத் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று விசாரித்தார்.

"இது வம்சமில்லம்மா, அந்தப் பாறைத் தண்ணியில கலந்திருக்கற உப்பு. வேற ஊர்லயும் பாத்திருக்கேன். பெரிய புள்ளைங்க காலு இனி நேராகாது. சின்னதுக்காவது வேற தண்ணி குடு."

மறுநாள் நான் எங்கள் கிணற்றில் மாடு பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளைகளின் தாய் குடத்தோடு வரப்பில் வந்து நின்றாள்.

"சின்னதுக்கு மட்டும், அண்ணா."

பக்கத்திலிருந்த சித்தப்பா சிரித்தார். "டாக்டரு சொன்னா கெணத்தையே எழுதிக் குடுத்திரலாமா? எங்க தண்ணியில உங்க கோணல் நிமிந்துருமா?"

"எங்க கோணல் கெடக்கட்டும் சாமி. புள்ள நடந்தாப் போதும்."

எனக்குப் பெரியவர்களை எதிர்த்துப் பேச வராது. ஆனாலும் குடத்தை வாங்கி, கவலையின் சால் வாளியிலிருந்து கொட்டிய தண்ணீரைப் பிடித்துக் கொடுத்தேன். சித்தப்பா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அவள் தினமும் வந்தாள்.

மூன்று வருடம் போயிற்று. ஒருநாள் சின்னவன் வாய்க்கால் ஓரமாக ஓடுவதைப் பார்த்தபடி, "பெரிய புள்ளைங்களுக்கும் அப்பவே வந்து கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா, அண்ணா?" என்றாள். குரலில் கோபமில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

நான் மாட்டை ஓட்டினேன். கொடுத்திருக்க மாட்டேன்.

தண்ணீர் கொடுத்தவன் என்று நினைத்து என்னால் இன்றுவரை சந்தோஷப்பட முடிந்ததில்லை. கொடுக்காத வருடங்கள் அந்த இரண்டு பிள்ளைகளின் எலும்பில் நிற்கின்றன.