எங்கள் வீட்டு ராஜா பாய்வார்

கும்பகோணத்துக் கல்யாண மண்டபத்தில் சதுரங்கப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்ததுமே எழுந்து ஓடிவிடலாமா என்று வாசலைப் பார்த்தேன். பெண்கள் அணிப் போட்டி. அணிக்கு நான்கு பேர் வேண்டும். ஒரு ஆள் குறைந்ததால் என் நாத்தனார் என்னை இழுத்து வந்திருந்தாள். அவள் நன்றாக ஆடுவாள். இப்படி ஒரு போட்டிக்குப் பல வருஷமாக ஏங்கியவள். தோற்ற அணி உடனே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நான் சொதப்பினால் அவள் ஆசையில் மண் விழும்.

நான் யாரிடமும் போய்ப் படித்தவள் இல்லை. புகுந்த வீட்டில், வயல் வேலை ஓய்ந்த மழைநாட்களில் ஆடி ஆடி வந்த ஆட்டம். அங்கே சட்டமே தனி. ராஜாவும் யானையும் சேர்ந்து நகர்ந்து 'கோட்டை கட்டுவது' கிடையாது. அதற்குப் பதிலாக, செக் வாங்காத ராஜா ஒரே ஒரு தடவை குதிரை மாதிரிப் பாயலாம்.

பட்டுக்கோட்டையிலிருந்து வந்த பஸ்ஸில் நாத்தனார் பாடம் எடுத்தாள்.

"அண்ணி, நடுவுல சிப்பாய வைங்க. அப்புறம் குதிரை, மந்திரிய வெளிய கொண்டாங்க. நாத்தங்கால்லயே நாத்து கெடந்தா வயல எப்ப நடுறது?"

"ராணி?"

"அவங்கள மொதல்லயே கடைத்தெருவுக்கு அனுப்பாதீங்க. ஆளாளுக்கு வெரட்டுவாங்க, ஓடுறதுக்கே நேரம் போயிரும். ராஜாவ சீக்கிரம் கோட்டைக்குள்ள வச்சிருங்க."

"நம்ம ராஜாதான் பாய்வாரே?"

"இங்க பாயக் கூடாது! நம்ம வீட்டு ராஜாவ வீட்டுலயே பூட்டிட்டு வந்திருக்கோம்னு நெனச்சுக்குங்க."

முன் சீட்டு அம்மா திரும்பினார். "பாவம்மா, அவருக்குச் சாப்பாடாச்சும் எடுத்து வச்சிட்டு வந்தீங்களா?"

பஸ்ஸில் சிரித்ததோடு என் சிரிப்பு தீர்ந்தது. எதிரில் ஒரு கல்லூரிப் பெண். அவள் கடிகாரத்தைத் தட்டும்போதெல்லாம் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நடுச் சிப்பாய், குதிரை, மந்திரி எல்லாம் சொன்னபடி வெளியே வந்தன. ஆனால் வீட்டுப் பழக்கத்தில், குதிரை கிளம்பிய கட்டத்துக்கு முன்னால் நின்ற சிப்பாயையும் ஒரு கட்டம் தள்ளிவிட்டிருந்தேன். அப்படிக் காலியாகும் இடம்தான் எங்கள் ராஜா பாய்ந்து உட்காரும் இடம். பயந்தால் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்பார்கள். எனக்குக் கை மட்டும் ஓடியது, அதுதான் வினை. அவளுடைய ராணி வெளியே வந்ததைப் பார்த்த பதற்றத்தில் ராஜாவைத் தூக்கிப் பாய வைத்துவிட்டேன்.

அந்தப் பெண் கையை உயர்த்தினாள். நடுவர் வந்தார்.

"என்னம்மா இது? ராஜா குதிரையேறிப் போறாரா?"

பக்கத்துப் பலகைகளில் சிரிப்பு.

"தொட்ட காயத்தான் நகர்த்தணும். முறைப்படி ஒரு கட்டம் வைங்க. இன்னொரு தடவை தப்பா வச்சீங்கன்னா ஆட்டம் தோல்விதான்."

ராஜா ஒரு கட்டம் நகர்ந்தார். ஒருமுறை நகர்ந்துவிட்டால் பிறகு கோட்டை கட்ட முடியாது.

அதற்குள் மற்ற மூன்று ஆட்டங்களும் முடிந்திருந்தன. இரண்டில் வெற்றி, ஒன்றில் தோல்வி. நான் தோற்காமல் இருந்தாலே போதும். நாத்தனார் எதிரே வந்து நின்றாள். பேசக் கூடாது என்பதால் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கண் மட்டும் தெரிந்தது. அந்தக் கண்ணைப் பார்க்கவே பயமாக இருந்தது.

கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். 'இப்படி வைக்கலாமா?' என்று மனசுக்குள் கேட்ட பிறகே அதை வெளியே எடுத்தேன். பாயத் தெரியாத ராஜா இன்னொரு கட்டம் நடந்து, பாய்ந்து போக நினைத்த அதே இடத்தில் உட்கார்ந்தார். அவள் ராணி தனியாக என் ராஜாவைத் தேடி அலைந்தது. அதை விரட்டும் சாக்கில் என் மற்றக் குதிரையும் மந்திரியும் வெளியே வந்தன. அவளுடைய காய்கள் பாதி நாற்றங்காலிலேயே இருந்தன. ராணிக்குத் திரும்ப வழி குறைந்தது; இனி ஜெயிக்க முடியாது என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது.

"அக்கா, டிரா வச்சுக்கலாமா?" என்றாள்.

தலையை ஆட்டினேன். தலையாட்டினால் செல்லுமோ செல்லாதோ என்று அதற்கும் பயம். நல்லவேளை, அவளே கை நீட்டினாள்.

"என்னக்கா, கை இப்படி ஜில்லுன்னு இருக்கு!"

நாத்தனார் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். "அண்ணி, ஜெயிச்சிட்டோம்! சீக்கிரம் சாப்பிட்டு வாங்க, மத்தியானம் அடுத்த ஆட்டம்."

ஜெயித்தால் இன்னொரு ஆட்டம் உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. இலையில் சாம்பார் சாதம் விழுந்தபோது என் கை மறுபடியும் தொடைக்கு அடியில் போயிருந்தது.