தலை என்னோடது

வீராயிக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அறுபத்தாறு வயதிலும் புளத்கொகுபிட்டியப் பக்கத்து றப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுகிறாள். பால் வெட்டும் கத்தியைப் பிடுங்கிவிட்டால் மகள் போடுகிற சோற்றைத் தின்றுவிட்டு லயத்து வீட்டு மூலையில் கிடக்க வேண்டும். அதை நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இன்று வெட்டிய மரம் நாளை ஓய வேண்டும். அதனால் ஒரு நாள் மேல்மலை, மறுநாள் கீழ்மலை. மழை பெய்தால் வெட்டு இல்லை, முறை தள்ளிப்போகும். இங்கே மழைக்குக் கேட்கவா வேண்டும்? முன்பெல்லாம் அந்தக் கணக்கு அவள் தலையில் தானாக ஓடும். போன வாரம் ஓடவில்லை. முந்தைய நாள் வெட்டிய மரங்களையே விடியுமுன் தனியாகப் போய் மறுபடி கீறிவிட்டாள்.

"மண்டை கழண்டு போச்சா ஆயா?" கங்காணி கிருஷாந்த் எல்லார் முன்னாலும் கத்தினான். "டொக்டர்கிட்ட காட்டிட்டு வா. இல்லாட்டி கத்திய வச்சிட்டு புல்லு வெட்டப் போ." அவன் பிறப்பதற்கு முன்பே பால் வெட்டியவளிடம் பேசுகிற பேச்சா இது!

கூடவே வெட்டப் போகும் மகள் தர்மிளா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். டொக்டர் வீராயியைப் பார்க்காமல் தர்மிளாவிடமே சிங்களத்தில் சொன்னார்: இது நோயில்லை. வயதானால் மூளையின் ஒரு பகுதிக்கும் இன்னொன்றுக்கும் உள்ள தொடர்பு மெதுவாகும். ஒவ்வொன்றாகச் சொன்னால் அம்மா செய்வார். அவசரப்படுத்தினால் தடுமாறுவார்.

"மாத்தயா, என்கிட்ட சொல்லுங்க," என்று வீராயி சிங்களத்திலேயே பொரிந்தாள். "தலை என்னோடது."

மறுநாள் காலை வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் ஆட்கள் கூடியதும் கிருஷாந்திடம் போனாள். "நோய் இல்லையாம். எந்த மலைன்னு காலையில நிதானமா ஒரு வார்த்த சொல்லுங்க, போதும்."

அவன் சிரித்தான். "ஒனக்குன்னு தனியா பாடம் எடுக்கவா? சரி, இன்னைக்கு எந்த மலை? நீயே சொல்லு பாப்போம். சீக்கிரம்!"

வீராயிக்குத் தெரியும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் சுற்றிலும் சனம், அவன் இளிப்பு, அவள் கோபம், எல்லாம் ஒரே நேரத்தில் நெருக்கியதில் பதில் வரவில்லை. தர்மிளா காதோரம் சொல்ல வந்தாள். "பொத்துடி வாய!" என்று சீறினாள் வீராயி. கிருஷாந்த் அவள் கத்தியை வாங்கிக்கொண்டு பைக்கில் ஏறிவிட்டான்.

பைக் வளைவில் மறைந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் பதில் வந்தது.

"மேல்மலைடா!" தொண்டை கிழியக் கத்தினாள். "இன்னைக்கு மேல்மலை!"

சனமெல்லாம் அதற்குள் மேல்மலையில் பாதித் தூரம் ஏறியிருந்தது.